வால்வு திணறும்போது பிறக்கும் நாதம்

1966 ஜூலையில் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் இசைத்தட்டை, கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்குக் குறைத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் அந்த கிட்டார் உரக்கத்தான் ஒலிக்கும். ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு எரிக் கிளாப்டன் வாசித்த தட்டு அது. அட்டைப்படத்தில் அவர் கேமராவைச் சட்டை செய்யாமல் 'பீனோ' என்ற சிறுவர் காமிக்ஸைப் பிரித்து வைத்திருப்பார். ரசிகர்கள் வாயில் அது 'பீனோ ஆல்பம்' ஆகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 21. ஓடிஸ் ரஷ்ஷின் 'ஆல் யுவர் லவ்', ஃப்ரெடி கிங்கின் 'ஹைடவே' என்று அமெரிக்கர்களின் உருப்படிகள் பல அதில் உண்டு. மெட்டில் பெரிய புதுமை கிடையாது. நாதம்தான் புதிது.

கையில் 1960 வாக்கில் செய்யப்பட்ட கிப்ஸன் லெஸ் பால் என்ற மின் கிட்டார். அதன் பிக்கப்பில், அதாவது கம்பியின் அதிர்வை மின்குறிகையாக (சிக்னலாக) மாற்றும் உறுப்பில், இரண்டு சுருள்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வேலை செய்யும்படி இருக்கும். சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து வரும் 'ம்ம்ம்' இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். காந்தங்களும் எதிரெதிராக வைக்கப்பட்டிருப்பதால் கம்பியின் அதிர்வு மட்டும் இரண்டிலும் சேர்ந்து வலுவாக வெளிவரும். அந்த வலுவான மின்குறிகை போய்ச் சேர்ந்த இடம் ஒரு மார்ஷல் ஆம்ப், அதாவது குறிகையைப் பெருக்கி ஸ்பீக்கரில் ஒலிக்கவிடும் பெட்டி. 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, உள்ளே குறிகையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகள், சுமார் 35 வாட்.

டெக்கா ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜனுக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது. மேடையில் வைக்கும் அதே சத்தத்தில்தான் வாசிப்பேன், மைக்கை ஆம்ப்பிலிருந்து தள்ளி வையுங்கள் என்று கிளாப்டன் பிடிவாதம் பிடித்தார். அன்றைய ஸ்டுடியோ வழக்கத்துக்கு இது முற்றிலும் முரண். ஆனால் இயற்பியல் கிளாப்டன் பக்கம்தான் இருந்தது.

வால்வு ஓரளவுக்குத்தான் பெருக்கித் தரும். அந்த எல்லையைத் தாண்டி குறிகை வந்தால் அலையின் முகடு மேலே ஏற இடமில்லாமல் தட்டையாகிவிடும். முகடு தட்டையான அலை இனி வெறும் ஒற்றைச் சுரம் அல்ல. 220 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தை மீட்டினால் 440, 660, 880 என்று அதன் மேற்சுரங்களும் கூடுதல் பலத்தோடு கிளம்பும். முகடு சட்டென்று வெட்டுப்பட்டால் காதைக் கீறும் உயர்சுரங்கள் நிறைய வரும். இத்தகைய வால்வு ஆம்ப் அந்த எல்லையை நெருங்கும்போதே மெல்ல மெல்ல அமுக்கத் தொடங்கும். அதனால் ஒலி கரகரக்கும், ஆனால் உறுத்தாது.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. அதுதான் பெரிது என்பேன். மீட்டிய கம்பியின் அதிர்வு உடனே தேயத் தொடங்குகிறது. ஆம்ப் தாங்கும் அளவைப் போலப் பத்து மடங்கு குறிகை உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஐந்து மடங்காகக் குறைந்தாலும் வெளியே வருவது அதே உச்ச அளவு. இரண்டு மடங்கானாலும் ஏறக்குறைய அதேதான். ஒன்றுக்குக் கீழே இறங்கிய பிறகே நமக்குத் தேய்வு கேட்கும். மீட்டியதும் மங்கிப்போகும் கிட்டார், வில்லால் இழுத்த வயலின் போல நிற்பது இப்படித்தான். போதாக்குறைக்கு ஸ்பீக்கரின் அலறல் காற்றில் வந்து கம்பியையே மறுபடி உலுக்கி, சுரத்துக்குத் தீனி போடும். சத்தத்தைக் குறைத்தால் இது நடக்காது.

சுரம் நின்றால்தான் அதை வளைக்க நேரம் கிடைக்கும். கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) உயரத்துக்குச் சுரத்தை ஏற்ற, இழுவிசை கால்பங்குக்கு மேல் கூட வேண்டும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறுகிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான புளூஸின் உயிர் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் சுரங்களில் இருக்கிறது. 'ஹாவ் யூ ஹெர்ட்' பாட்டின் தனி வாசிப்பில் கிளாப்டன் அங்கே போய் நின்று, விரலை நடுக்கி, இறங்க மறுப்பதைக் கேட்கலாம்.

மெல்ல வைத்தாலும் ஏன் உரக்கக் கேட்கிறது? ஒருவர் கத்தியதைப் பதிவுசெய்து எவ்வளவு குறைத்து ஒலிக்கவிட்டாலும் அது கத்தலாகவே கேட்கும். காது அழுத்தத்தை மட்டும் அளப்பதில்லை; மேற்சுரங்களின் செறிவைக் கொண்டும் மூலம் எவ்வளவு சத்தமானது என்று ஊகிக்கிறது. கைப்பேசியால் 82 ஹெர்ட்ஸ் அடிச்சுரத்தை ஒலிக்கவே முடியாது. இருந்தும் மேலே உள்ள மேற்சுரங்களை வைத்து மூளை அதை இட்டு நிரப்பிக்கொள்கிறது. மேற்சுரம் மிகுந்த இந்த கிட்டாருக்கு அது வசதியாகப் போயிற்று.

தட்டு பிரிட்டனில் 6-ஆம் இடம் வரை ஏறியது. அந்த லெஸ் பால் அதே ஆண்டில் களவு போனது. இன்றும் அந்த நாதத்தைத் தேடி ஆயிரக்கணக்கில் பெடல் (காலால் மிதித்து இயக்கும் ஒலிமாற்றுப் பெட்டி) வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பெடல் குறிகையைச் சிதைத்துத் தரும், அவ்வளவுதான். ஆம்ப்பின் கடைசிக் கட்ட வால்வுகள் திணறுவதும், அந்த நேரத்தில் மின்னழுத்தம் சற்றுத் தொய்வதும், ஸ்பீக்கர் கூம்பு தன் எல்லைக்கே தள்ளப்படுவதும் வேண்டுமென்றால் ஆம்ப்பின் சத்தக் குமிழைத் திருப்பித்தான் ஆக வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அதற்கு முன் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.