எட்டரைக் கிலோ விமானம்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் போன ஆடி மாதம் ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கினேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். விமானம் பறக்கவிட அது காலமில்லை, கட்டத்தான் காலம். ஆளுயரப் பெட்டியில் கிட் வந்திருந்தது. பிரித்தால் விமானம் என்று சொல்ல உள்ளே ஒன்றுமே இல்லை. லேசரில் வெட்டிய மரத்தகடுகள், நீள நீளமான குச்சிகள், கொஞ்சம் பிளைவுட், ஓர் அலுமினியக் குழாய், பாய் போல் சுருட்டிய வரைபடம், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் மரவேலை செய்யும் பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். அப்பா காலத்திலிருந்து பழக்கம். மேஜையில் கிடந்த கட்டை ஒன்றை எடுத்தார். மரம் என்று நினைத்து எடுத்ததால் கை தானாகத் தோள் வரைக்கும் போய்விட்டது.

"என்ன தம்பி இது, மரமா நெட்டியா?"

"மரந்தாங்க ஐயா. பால்சா."

தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோ இருக்கும். பால்சா 160 கிலோவை ஒட்டித்தான். பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. மளமளவென்று வளரும் மரம். அதன் செல்கள் பெரியவை, செல் சுவர்கள் மெல்லியவை. உயிரோடு நிற்கும்போது அந்தச் செல்களுக்குள் தண்ணீர் நிரம்பி மரத்தைத் தாங்கும். சூளையில் உலர்த்தியதும் தண்ணீர் இருந்த இடமெல்லாம் காற்று. இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் உடலே பால்சாவை நடுவில் வைத்து இரு பக்கமும் பிளைவுட் ஒட்டிச் செய்ததுதான். காற்றாலை இறகுகளுக்குள்ளும் இதே மரம் இருக்கிறது.

ஆனால் எல்லா பால்சாவும் ஒன்றல்ல. ஒரே கிட்டில் ஒரு தகடு இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு கனமாக இருக்கும். அதனால் முதல் இரண்டு நாளும் நான் பசையைத் தொடவே இல்லை. சமையலறைத் தராசில் ஒவ்வொரு தகடாக எடை போட்டுப் பென்சிலில் எழுதினேன். லேசானவை வாலுக்கு, கெட்டியானவை இறக்கையின் நடுப்பகுதிக்கு. இந்தக் கிராம் கணக்கு எதற்கு என்று கடைசி வரை பார்க்கப் போகிறோம்.

நான் கட்டியது பைப்பர் ஜே-3 கப். 1938 முதல் 1947 வரை அமெரிக்காவில் சுமார் 20,000 செய்யப்பட்ட, மஞ்சள் நிற, இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். அதன் இறக்கை நுனிக்கு நுனி 10.7 மீட்டர். என்னுடையது நான்கில் ஒரு பங்கு, 2.7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு பெரியதை ஓட்டுவது கஷ்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிஜம் நேர்மாறானது, அதற்குக் காரணமும் கணக்கிலேயே இருக்கிறது.

நீளம் நான்கில் ஒன்றானால் இறக்கைப் பரப்பு பதினாறில் ஒன்றாகும். கன அளவு அறுபத்து நான்கில் ஒன்றாகும். நிஜக் கப் ஆட்களும் எரிபொருளும் ஏறிய பிறகு 553 கிலோ. அதை 64-ஆல் வகுத்தால் எட்டரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். பெரிய கப்பில் ஒரு சதுர மீட்டர் இறக்கை 33 கிலோவைச் சுமக்கிறது, என்னுடையதில் எட்டுக் கிலோ சொச்சம். சுமை நான்கில் ஒன்றானால், விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் பாதியாகும். பெரியதற்கு மணிக்கு 60 கி.மீ., இதற்கு 30.

இதையே பத்தில் ஒரு பங்காகச் செய்தால் அந்த வேகம் 19 கி.மீ.க்கு இறங்கிவிடும். மெதுவாகப் போவது நல்லதுதானே என்று தோன்றும். ஏரிக்கரையில் சாதாரணமாகவே 15 கி.மீ. காற்று வீசும்போது, 19-ல் போகும் விமானம் காகிதம் மாதிரி அலையும். காற்றுக்கும் பிசுபிசுப்பு உண்டு என்பது இன்னொரு விஷயம். பொருள் சிறிதாகவும் மெதுவாகவும் ஆக ஆக அந்தப் பிசுபிசுப்பு மேலோங்கும். இதை அளப்பது ரெனால்ட்ஸ் எண். அந்தக் குறைந்தபட்ச வேகத்தில் நிஜக் கப்பின் இறக்கைக்கு அது சுமார் 18 லட்சம், என்னுடையதற்கு 2 லட்சத்து 20 ஆயிரம், பத்தில் ஒரு பங்குக்கு 56 ஆயிரம்தான். ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் காற்று இறக்கையின் மேல்பரப்பில் ஒட்டி வராமல் சீக்கிரமே பிய்த்துக்கொள்ளும், தூக்குவிசை குறையும். குருவி அடித்துக்கொண்டு பறப்பதற்கும் கழுகு மிதப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் இதற்கும் பங்குண்டு.

அப்புறம் இறக்கை. எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான். குச்சி குச்சியாக இருப்பது எட்டரைக் கிலோவை எப்படித் தாங்குகிறது?

இறக்கையின் நீளவாக்கில் மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம் ஓடுகின்றன. ஸ்பார் என்று பெயர். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கும். அப்போது மேல் சட்டம் அமுங்குகிறது, கீழ்ச் சட்டம் இழுபடுகிறது. இரண்டும் தனித்தனியாக இருந்தால் சுள்ளி மாதிரி முறிந்துவிடும். நடுவில் 2 மில்லிமீட்டர் பால்சாத் தகட்டை நிறுத்தி ஒட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே உத்தரம் ஆகிவிடுகின்றன. மர இழை மேல்கீழாக நிற்கும்படி அந்தத் தகட்டை ஒட்டவேண்டும். படுக்கவைத்து ஒட்டினால் சுமை ஏறும்போது இழையோடு பிளந்துகொள்ளும். ஐயாவுக்கு இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "உத்தரத்தைப் படுக்க வச்சு எவன் தம்பி கூரை போடுவான்" என்றார்.

வளைவதற்கு ஸ்பார் சரி. முறுக்குவதற்கு? பப்பாளி இலைக் காம்பை எடுத்து முறுக்கிப் பாருங்கள், கெட்டியாக நிற்கும். அதையே நீளவாக்கில் ஒரு பக்கம் கீறிவிட்டு முறுக்கினால் துணி மாதிரி திரும்பும். மூடிய குழாய்க்குத்தான் முறுக்கைத் தாங்கும் பலம். இறக்கையின் முன்விளிம்பைச் சுற்றி மெல்லிய பால்சாத் தகட்டை வளைத்து ஸ்பாரோடு ஒட்டும்போது உருவாவது அந்தக் காம்புதான். தகட்டின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வளைத்தால் விரிசல் விடாமல் மடங்குகிறது.

இதில் வேண்டுமென்றே வைக்கும் முறுக்கும் ஒன்று உண்டு. இறக்கை நுனியின் பின்விளிம்பை, உடலோடு சேரும் அடிப்பகுதியைவிட இரண்டு டிகிரி மேலே தூக்கி ஒட்டுவார்கள். வேகம் மிகவும் குறைந்தால் இறக்கை தூக்குவிசையை இழக்கும். அது நுனியில் தொடங்கினால் விமானம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து சுழலும். நுனி கொஞ்சம் குனிந்து நின்றால் அடிப்பகுதி முதலில் இழக்கும், மூக்கு மெதுவாகத் தாழும், சமாளிக்க நேரம் கிடைக்கும். பசை காயும் வரை நுனியின் கீழே வைத்த சின்ன ஆப்புக்குத்தான் அந்த இரண்டு டிகிரி வேலை.

இப்போது வாலுக்கு வருவோம். சந்தையில் புளி நிறுக்கும் வெள்ளிக்கோலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நீளமான பக்கத்தில் தொங்கும் சின்னக் குண்டு குட்டையான பக்கத்து மூட்டையைச் சமன் செய்துவிடும். கப்பின் சமநிலைப் புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. அங்கிருந்து மூக்கு கிட்டத்தில், வால் தூரத்தில். தூரம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதால் வாலில் 50 கிராம் கூடினால் மூக்கில் 150 கிராம் ஈயம் வைக்கவேண்டும். மொத்தம் 200 கிராம் வீண் சுமை.

என் முதல் விமானத்தில் வாலைப் பலமாகக் கட்டவேண்டும் என்று எபாக்சிப் பசையைத் தாராளமாகத் தடவினேன். சமநிலைப் புள்ளி பின்னுக்குப் போய்விட்டது. மேலே ஏறியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது, ரிமோட்டின் குச்சியை எவ்வளவு தள்ளியும் நிற்கவில்லை. பதினைந்து விநாடியில் தரைக்கு வந்துவிட்டது. சமநிலைப் புள்ளி முன்னே இருந்தால் விமானம் மந்தமாகப் பறக்கும், ஆனால் பறக்கும். பின்னே போனால் ஒவ்வொரு சின்னத் திருப்பமும் தானாகப் பெரிதாகும்.

எஞ்சின் 30 சிசி டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடுவது. ஓசூரில் செய்த டி.வி.எஸ். 50 மொபெட்டின் எஞ்சினில் பாதிக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். மூக்கிலுள்ள பிளைவுட் சுவர்தான் அதன் இழுப்பையும் அதிர்வையும் வாங்குகிறது. எபாக்சிக்கு உண்மையான வேலை அங்கேதான்.

சுக்கானையும் மற்ற அசையும் பலகைகளையும் நகர்த்துவது சர்வோ எனும் சின்ன மோட்டார்ப் பெட்டிகள். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் ஒவ்வொரு சர்வோவுக்கும் விநாடிக்கு 50 முறை ஒரு மின் துடிப்பு அனுப்பும். துடிப்பு ஒன்றரை மில்லி விநாடி நீடித்தால் நடு, ஒன்று என்றால் ஒரு கோடி, இரண்டு என்றால் மறு கோடி. பலகையைத் தள்ளும் தன் கை எங்கே நிற்கிறது என்பதை சர்வோ தானே அளந்து, சொன்ன இடத்துக்கு வரும் வரை மோட்டாரைச் சுற்றும். அலைவரிசை 2.4 கிகா ஹெர்ட்ஸ், அலைநீளம் 12.5 செ.மீ. அதில் கால் பங்கான 31 மில்லிமீட்டர்தான் ரிசீவர் ஆன்டெனாவின் உறையில்லாத நுனி. நுனியின் நேர்த் திசையில் அது சரியாகக் கேட்காது என்பதால், இரண்டு ஆன்டெனாவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்கிறோம்.

பங்குனியில் ஏரி வற்றியதும் ஒரு ஞாயிறு விடியலில் எடுத்துப் போனோம். நம் மாவட்டத்தில் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது. ஆகவே எங்கே பறக்கவிடலாம் என்பதை, அரசின் டிஜிட்டல் ஸ்கை எனும் இணைய வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்யவேண்டும். விடியலைத் தேர்ந்ததற்குக் காற்று அடங்கியிருப்பது மட்டும் காரணமில்லை. கடல் மட்டத்துக்கு 500 மீட்டர் மேலே, 38 டிகிரி வெயிலில், காற்றின் அடர்த்தி வழக்கமான அளவைவிட 13 சதவீதம் குறைந்துவிடும். இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் பிடிப்பு குறையும். காலை 24 டிகிரியில் அதில் மூன்றில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது.

முப்பது அடி ஓடியதும் வால் எழுந்தது. இன்னொரு முப்பது அடியில் சக்கரத்தின் சத்தம் நின்றது. கரையின் பனைமரங்களுக்கு மேலே இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனதால், ரிமோட்டில் சாய்வைச் சரிசெய்யும் டிரிம்மில் வலப்பக்கம் மூன்று கிளிக் கொடுத்தேன், நேரானது. மூன்று சுற்று முடிந்து எஞ்சினைக் குறைத்தேன். சைக்கிள் மிதித்துக்கொண்டு கூடவே வரலாம் போன்ற வேகத்தில் மிதந்து வந்து, மூன்று சக்கரமும் சேர்ந்தாற்போல மண்ணைத் தொட்டது.

எஞ்சின் நின்றதும் ஐயா போய்க் குனிந்தார். நான் வால் பக்கம் பிடிக்க, அவர் மூக்கை இரண்டு விரலில் தாங்கித் தூக்கிப் பார்த்தார். விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"இடது றெக்கை கொஞ்சம் கனம் தம்பி."

வீட்டுக்கு வந்து வலது நுனியில் ஒவ்வொரு காசாக வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு கிராமில் நேராக நின்றது.