சதாஃபுலி டீயும் கேன்சர் ஊசியும்

தாராவியில எங்க சித்தி வீட்டு ஜன்னல் கம்பியில ஒரு பழைய பெயிண்ட் டப்பா கட்டியிருக்கும், அதுல ரோஸ் கலர் நித்யகல்யாணி வருஷம் பூரா பூத்துக்கிட்டே இருக்கும். பக்கத்து வீட்டு மராத்திக்காரங்க அதை சதாஃபுலின்னு சொல்வாங்க, திருநெல்வேலி பக்கம் நம்ம ஆளுங்க சுடுகாட்டு மல்லின்னு சொல்லி வீட்டுல வைக்கவே யோசிப்பாங்க. சித்திக்கு சுகர், அதனால தினமும் காலையில ஏழெட்டு இலையக் கிள்ளிப் போட்டு கொதிக்க வச்சு டீ மாதிரி குடிப்பாங்க. போன மாசம் மாடி வீட்டு அக்காவுக்கு மார்புல கட்டின்னு தெரிஞ்சதும், "கேன்சர் மருந்தே இதுல இருந்துதான எடுக்குறாங்க, அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுக்கட்டா?"ன்னு கேட்டாங்க.

மருந்து இந்தச் செடியில இருந்து வந்தது உண்மைதான். ஆனா வந்த வழியத் தெரிஞ்சுக்கிட்டா டம்ளர்ல கொடுக்கத் தோணாது.

இந்தச் செடிக்குச் சொந்த ஊரு மடகாஸ்கர். ஜமைக்காவுலயும் ஜனங்க சுகருக்கு இதே இலை டீயத்தான் குடிச்சாங்க. 1952ல அங்கிருந்து ஒரு கவர்ல 25 இலை கனடாவுக்குப் போச்சு, அது ராபர்ட் நோபிள்ங்கிற ஆராய்ச்சியாளர் கைக்கு வந்து சேர்ந்துச்சு. சாறை எலிக்கு வாய் வழியா கொடுத்துப் பார்த்தார், சுகர் குறையவே இல்ல. சரின்னு ஊசியா போட்டுப் பார்த்தா, எலிங்க சில நாள்ல கிருமித் தொற்று வந்து செத்துப் போச்சு. வேற யாரா இருந்தாலும் அத்தோட மூடி வச்சிருப்பாங்க, இவர் ரத்தத்தப் பார்த்தார். வெள்ளை அணு தடாலடியா குறைஞ்சிருந்துச்சு. அப்படின்னா வெள்ளை அணு கண்டபடி பெருகுற ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமேன்னு யோசிச்சாங்க பாருங்க, அந்த இடம் எனக்கு எப்ப படிச்சாலும் சிலிர்க்கும்.

ஆனா இந்தச் செடியில 130க்கும் மேல ஆல்கலாய்டு (செடி தானா செய்யுற, உடம்புல மருந்து மாதிரியோ விஷம் மாதிரியோ வேலை செய்யுற பொருள்) இருக்கு, வேலை செய்யுறது எது? இங்கதான் கெமிஸ்ட் சார்லஸ் பீர் வர்றார். ஆல்கலாய்டுக்குக் காரத்தன்மை உண்டு, அதனால அமிலத் தண்ணியில நல்லா கரையும், அதுல காரத்தச் சேர்த்தா தண்ணிய விட்டுட்டு, தண்ணியோட கலக்காத வேற கரைப்பானுக்குள்ள போயிடும். இப்படி மாத்தி மாத்தி செஞ்சா பச்சையம், மெழுகு எல்லாம் கழண்டுடும். மிச்சத்த வெள்ளைப் பொடி அடைச்ச கண்ணாடிக் குழாய்ல ஊத்துவாங்க. ஸ்கூல்ல சாக்பீஸ்ல இங்க் புள்ளி வச்சு தண்ணியில நிறுத்தினா ஒவ்வொரு கலரும் ஒவ்வொரு உயரத்துல நிக்குமே, அதே சங்கதிதான், ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்துல இறங்கி தனித்தனியா வெளிய வரும். அப்படிக் கிடைச்சதுதான் வின்பிளாஸ்டின், 1958ல அறிவிச்சாங்க. அமெரிக்காவுல லில்லிங்கிற மருந்துக் கம்பெனியும் இதே செடியில வேலை பார்த்துக்கிட்டு இருந்துச்சு, அவங்க பிரிச்செடுத்த வின்கிரிஸ்டின் 1963ல அங்க மருந்தா அனுமதி வாங்குச்சு.

ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒரு நைட்ரஜன் மேல வின்பிளாஸ்டின்ல மெத்தில் குழு, வின்கிரிஸ்டின்ல ஃபார்மைல் குழு, அவ்வளவுதான். 46 கார்பன் இருக்குற பெரிய மூலக்கூறுல ஒரு ஓரத்துல நடந்த சின்ன மாத்தம். ஆனா முதலாவது எலும்பு மஜ்ஜைய அடிக்கும், ரெண்டாவது நரம்ப அடிக்கும், கை கால் மரத்துப் போகும். குழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்னைக்கும் முக்கியமான மருந்து.

எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு செல் ரெண்டாகும்போது குரோமோசோம ரெண்டு பக்கமும் இழுக்க கயிறு வேணும். டியூபுலின்ங்கிற புரதத்த ஒன்னு மேல ஒன்னா அடுக்கித்தான் செல் அந்தக் கயிற கட்டும். இந்த மருந்து டியூபுலின்ல போய் ஒட்டிக்கும், அடுத்தது சேர முடியாது, கயிறு இல்லாம செல் பாதியில மாட்டிக்கிட்டு செத்துப் போகும். கேன்சர் செல் ஓயாம பிரியுறதால அதுக்கு அடி ஜாஸ்தி, ஆனா முடி வேரு, மஜ்ஜை, குடல்ல இருக்குற செல்லும் வேகமா பிரியும், அதுக்கும் அடி விழும். நோபிளோட எலிங்களுக்கு மஜ்ஜை அடிபட்டு வெள்ளை அணு குறைஞ்சு, தொற்று வந்து செத்ததும் இதனாலதான்.

இப்ப சித்தியோட டம்ளருக்கு வருவோம். காய்ஞ்ச இலை நூத்துக்கணக்கான கிலோ இருந்தாத்தான் ஒரு கிராம் மருந்தே தேறும், அவ்வளவு கம்மி. இலைக்கு இலை அளவும் மாறும். வின்கிரிஸ்டின பெரியவங்களுக்கே ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல பொதுவா போடுறதில்ல, அதுவும் நேரா ரத்தக் குழாய்ல, வாய் வழியா கொடுத்தா உடம்பு சரியா இழுத்துக்காது. அதனால டீயில கட்டி கரையாது. மத்த ஆல்கலாய்டு வேற கூட வரும், பிரஷரக் குறைக்கிறதும் அதுல உண்டு, கீமோ ஓடிக்கிட்டு இருக்குற உடம்புல அது என்ன பண்ணும்னு யாராலயும் கணக்குப் போட முடியாது.

மருந்துக்காக இந்தச் செடிய மட்டுமே நம்பியிருந்த நிலைமையும் மாறிக்கிட்டு வருது. செடி வின்பிளாஸ்டின ரெண்டு துண்டாத்தான் செஞ்சு வச்சிருக்கும், ஒரு துண்டு இலை மேல இருக்குற மெழுகுல, இன்னொன்னு இலைக்குள்ள செல்லுல. 2022ல அந்த ரெண்டு துண்டையும் ஈஸ்ட்ட வச்சே தயாரிச்சு, லேப்ல ஒட்டி வின்பிளாஸ்டின் செஞ்சு காட்டினாங்க.

இதெல்லாம் சொன்னதும் சித்தி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப என் சுகருக்கும் எலி கதைதானா?"ன்னு கேட்டாங்க. ஆமா சித்தி, வாய்ல கொடுத்தப்ப அந்த எலிக்கும் சுகர் குறையல. வர்ற சனிக்கிழமை டாக்டர்கிட்ட போறோம், இத்தன நாள் இந்த டீ குடிச்சதையும் அங்க சொல்லப் போறோம். மாடி அக்காவுக்கு இப்போதைக்கு சித்தி ரசம் சாதம் கொண்டு போறாங்க.