பஸ் 3 நிமிடத்தில் வரும் என்று போனுக்கு யார் சொன்னது?

சிங்கப்பூரில் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் பஸ் வரும் திசையை எட்டிப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார்கள். அதில் தெரியும் "3 நிமிடம்" எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் நானே ஒரு சின்ன வெப் ஆப் எழுத உட்கார்ந்தேன்.

தகவலுக்குப் பஞ்சமில்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் டேட்டாமால் என்ற பெயரில் அதை இலவசமாகவே தருகிறது. நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணை அனுப்பினால் அங்கே வரும் ஒவ்வொரு சேவைக்கும் அடுத்த மூன்று பஸ்களின் விவரம் வந்துவிடும்: வரும் நேரம், பஸ் இப்போது இருக்கும் இடம், ஒற்றை மாடியா இரட்டை மாடியா, உட்கார இடம் இருக்கிறதா அல்லது தொங்கிக்கொண்டுதான் போகணுமா என்பது வரை.

அந்த நேரம் ஒரு கணிப்பு, அவ்வளவுதான். பஸ்ஸில் இருக்கும் ஜிபிஎஸ் தன் இடத்தைச் சொல்கிறது. அங்கிருந்து உங்கள் நிறுத்தம் வரை தடத்தின் வழியே எவ்வளவு தூரம், வழக்கமாக அதைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்துத்தான் இந்த மாதிரிக் கணிப்புகளைப் போடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். டிப்போவில் இன்னும் கிளம்பாமல் நிற்கும் பஸ்ஸுக்கு? டிரைவர் டீயை முடித்துவிட்டு எப்போது வண்டியை எடுப்பார் என்று எந்த ஜிபிஎஸ்ஸுக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பஸ்ஸோடும் 1 அல்லது 0 என்று ஒரு குறி வருகிறது. 1 என்றால் பஸ்ஸின் இடத்தை வைத்துக் கணித்தது, 0 என்றால் அட்டவணையில் இருப்பதை அப்படியே எடுத்துப் போட்டது. இந்த ஒற்றை இலக்கத்தைத் திரையில் காட்டாத ஆப்பை நான் நம்ப மாட்டேன். என்னுடையதில் 0 வந்தால் நேரம் சாம்பல் நிறமாகிவிடும்.

ஆப் நேராக டேட்டாமாலைக் கேட்கக் கூடாதா என்றால், கூடாது. பதிவு செய்யும்போது கிடைக்கும் ரகசியச் சாவியை (பாஸ்வேர்ட் மாதிரி ஒரு எழுத்துத் தொடர்) ஒவ்வொரு முறையும் அனுப்ப வேண்டும், அதை வெப் பக்கத்துக்குள்ளேயே எழுதி வைத்தால் பிரவுசரைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே நடுவில் ஒரு குட்டி சர்வர். சாவி அதனிடம் மட்டும். ஒரே நிறுத்தத்தை நூறு பேர் ஒரே சமயத்தில் கேட்டாலும் அது ஒருமுறை கேட்டு வாங்கி, சில விநாடிகள் வைத்திருந்து எல்லோருக்கும் கொடுத்துவிடும்.

அப்புறம் நிமிடக் கணக்கு. சர்வர் அனுப்புவது "மாலை 4.41.48" மாதிரி ஒரு கடிகார நேரம், மீதி எத்தனை நிமிடம் என்று கழித்துச் சொல்வது நம் வேலை. 2 நிமிடம் 40 விநாடியை முதலில் 3 என்று மேல்நோக்கி முழுமையாக்கி எழுதி வைத்தேன், அதை நம்பி நிதானமாக நடந்துபோய் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்ததும் நானேதான். இப்போது கீழ்நோக்கி, 2.

பக்கத்தில் இருக்கும் நிறுத்தத்தைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைத்தேன், பாதி சுலபம்தான். சிங்கப்பூர் வடக்கே 1.3 பாகையில், பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கிறது. அங்கே அட்சரேகையில் ஒரு பாகையும் தீர்க்கரேகையில் ஒரு பாகையும் கிட்டத்தட்ட ஒரே 111 கிலோமீட்டர், ஆகவே பள்ளிக்கூடத்துப் பித்தகோரஸ் போதும். லண்டனில் தீர்க்கரேகைப் பாகை 69 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும், அதே கணக்கைப் போட்டால் தப்பான நிறுத்தம் வரும். சிக்கல் எங்கே என்றால், சாலையின் இரண்டு பக்கமும் நிறுத்தம் இருக்கிறது, போனின் ஜிபிஎஸ்ஸோ, கட்டடங்களுக்கு நடுவே, சாலையின் அகலத்தைவிட அதிகமாகவே தடுமாறும். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ரொம்ப நாள் மல்லுக்கட்டிவிட்டு, இரண்டு நிறுத்தத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று எழுதிவிட்டேன்.