ரெண்டு துளி மழைக்கு ஏன் கறண்ட் போகுது?

மாசக்கணக்கா ஒரு துளி இல்லாமக் காய்ஞ்சு கிடந்த பிறகு ஒரு பின்னேரம் லேசாத் தூறும், மண் வாசம் எழும்பும், முத்தத்தில காயப்போட்ட மிளகாயை வாரிக்கொண்டு உள்ள ஓடுவம், சரியா அந்த நேரம் பாத்து கறண்ட் போகும். "ரெண்டு துளி விழேல்ல, அதுக்குள்ள நிப்பாட்டிப்போட்டாங்கள்" எண்டு அம்மா தொடங்குவா. நானும் கனகாலம் அப்பிடித்தான் நினைச்சனான், யாரோ மழைக்குப் பயந்து சுவிச்சை அமத்துறான் எண்டு. ஆனா வில்லங்கமே அந்த ரெண்டு துளியிலதான் கிடக்கு, வாளியால ஊத்தின மாதிரி அடிச்சிருந்தா கறண்ட் போகாம இருந்திருக்கவும் கூடும்.

போஸ்ற்றில வயரைத் தாங்கிக்கொண்டு நிக்கிற பீங்கானைப் பாத்திருப்பியள், குடைக்கு மேல குடை அடுக்கின மாதிரி இருக்கும், அதுதான் இன்சுலேற்றர். 33 ஆயிரம் வோல்ற் லைனில ஒரு வயருக்கும் நிலத்துக்கும் இடையில 19 ஆயிரம் வோல்ற் நிக்கும், அவ்வளவையும் மறிச்சு வைச்சிருக்கிறது உந்தப் பீங்கான். குடை ஏன் எண்டால், கறண்ட் அதின்ர மேலால ஊர்ந்து இறங்கப் பாத்தா ஏறி இறங்கி ஏறி இறங்கி நீட்டு வழி போகோணும், மழையிலயும் குடைக்குக் கீழ்ப்பக்கம் காய்ஞ்சே இருக்கும். நல்ல ஏற்பாடுதான், உப்புக் காத்து வரும் வரைக்கும்.

யாழ்ப்பாணத்தில எங்க நிண்டாலும் கடலோ கடல்நீரேரியோ கிட்டத்தான். சோளகம் எண்ட தென்மேல் காத்து தொடங்கினா மாசக்கணக்கா ஓயாது, காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கம் கேற்றில கூட உப்புப் பூத்திருக்கும், அதே உப்பு பீங்கானிலயும் படியும், மேல புழுதி ஒட்டும். காய்ஞ்ச உப்பு கறண்டைக் கடத்தாது, அதால கோடை முழுக்க ஒண்டும் நடக்காது. தூறல் விழுந்து, இல்லாட்டி விடியப்புறம் பனி இறங்கி உப்பு ஈரமானாத்தான் விளையாட்டுத் தொடங்கும். அந்த உப்புத் தண்ணிப் படலத்தால கொஞ்சக் கறண்ட் ஒழுகும், ஒழுகிற இடம் சூடாகும், சூட்டில ஒரு வளையம் மட்டும் காய்ஞ்சு போகும், இப்ப மிச்சம் எல்லாம் ஈரமாக் கடத்துறதால முழு வோல்ற்றும் அந்த ஒடுங்கின காய்ஞ்ச வளையத்துக்கு மேல வந்து குந்தும், பொறி பாயும், அது நீண்டு நீண்டு போய் கடைசியில வயரிலிருந்து போஸ்ற் வரைக்கும் ஒரே பாய்ச்சல். ஈரமான ராவில போஸ்ற்றடியில "சீ...ர்ர்" எண்டு சத்தம் கேட்டிருப்பியள், அது இதின்ர ஆரம்பம். பெருமழை அடிச்சா உப்பையே கழுவிக்கொண்டு போயிரும், தூறல் நனைக்க மட்டும்தான் காணும்.

கறண்ட் ஒருக்கா மினுங்கிப்போட்டுத் திரும்ப வருமே, அது லைனில கிடக்கிற ஒரு தானியங்கிச் சுவிச் ஓவ் பண்ணி, ரெண்டொரு செக்கனில திரும்பப் போட்டு, பழுது போட்டுதோ எண்டு பாக்கிறது. போகேல்லையெண்டால் ஒண்டு ரெண்டு தரம் பாத்திட்டு அப்பிடியே விட்டிரும். அதுக்குப் பிறகு லைன் வழிய ஆள் போய்த்தான் தேடோணும்.

சரி, கழுவிவிட்டா முடிஞ்சுதே எண்டு கேப்பியள். கழுவலாம்தான், சில நாடுகளில ஹெலிகொப்ரரில போய் உப்பில்லாத தண்ணியைப் பீச்சி, கறண்ட் ஓட ஓடவே கழுவினம். ஆனா எப்ப கழுவுறது? வைகாசியில கழுவினா ஆடிச் சோளகம் திரும்ப உப்பைப் பூசும், பிந்தினா தூறல் முந்திக்கொள்ளும். இல்லாட்டி கழுவாம வேற சாமான் போடலாம். ஒரு பழைய சர்வதேச நியமம், துப்பரவான இடத்தில ஒரு கிலோவோல்ற்றுக்கு 16 மில்லிமீற்றர் ஊர்வழி (கறண்ட் பீங்கானின்ர மேலால ஊர்ந்து போகவேண்டிய நீளம்) காணும், மோசமான உப்புக்கரைக்கு 31 வேணும் எண்டு சொல்லுது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. சிலிக்கோன் றபரிலயும் வருகுது, அதில தண்ணி சேம்பிலையில மாதிரி உருண்டு திரண்டு நிக்கும், படலமாப் பரவாது. விலையைப் பாத்தா எல்லா போஸ்ற்றுக்கும் போடேலாது, அப்ப எந்த போஸ்ற்றுக்கு? இந்தக் கேள்விதான் எந்த மின்சாரக் கொம்பனிக்கும் உண்மையான தலையிடி, கம்பி இழுக்கிறது அதைவிடச் சுகம்.

அதுக்கு முதல் தேவை ஒரு பதிவு. ஒவ்வொரு போஸ்ற்றுக்கும் ரான்ஸ்போமருக்கும் ஒரு நம்பர், எங்க நிக்குது, எப்ப நட்டது, கடைசியா ஆர் தொட்டது, அவர் என்ன கண்டவர். ஒரு போஸ்ற்றில மூண்டு வருசத்தில நாலு தரம் வேலை செய்திருந்தா அந்தப் பதிவுதான் காட்டிக்குடுக்கும், இல்லாட்டி ஒவ்வொரு தரமும் வாற ஆள் புதுப் பழுது எண்டு நினைச்சுத் திருத்திப்போட்டுப் போவார்.

பதிவு இருந்தா வயசைப் பாத்து மாத்தலாம்தானே எண்டு தோணும், தோணும் மட்டும்தான். ரெண்டாம் உலகப் போரில பிரித்தானியக் கரையோர விமானப்படையில வாடிங்ரன் எண்ட உயிரியல்காரர் ஒராள் கணக்குப் பாத்தார். 50 மணித்தியாலம் பறந்தா விமானத்தைக் கழட்டிப் பாக்கோணும் எண்டு விதி, பாத்தா கழட்டிப் பூட்டின உடனதான் கனக்கப் பழுது வருகுது, பிறகு குறைஞ்சுகொண்டு போகுது! தொட்ட கைதான் கெடுத்தது. 1978இல யுனைற்றட் எயார்லைன்ஸ் விமானக் கொம்பனியில வேலை செய்த நோலனும் ஹீப்பும் எழுதின அறிக்கையில, விமானப் பாகங்களில 89 வீதத்துக்கு இத்தினை வயசில மாத்து எண்டு எல்லை வைக்கிறதால பிரயோசனமில்லை எண்டு வந்தது. எங்கட ஆக்கள் ஓடுற மோட்டரைக் கழட்டாதையடா எண்டு சொல்லுறது சும்மா இல்லை.

அப்ப கழட்டாம உள்ளுக்க என்ன நடக்குது எண்டு பாக்கோணும். எனக்குப் பிடிச்சது ரான்ஸ்போமர் வைத்தியம். அதுக்குள்ள செப்புக் கம்பியில கடதாசி சுத்தி ஒயிலுக்குள்ள அமத்தி வைச்சிருக்கு. ஒயிலை மாத்தலாம், கடதாசியை மாத்தேலாது, அதால கடதாசியின்ர ஆயுள்தான் ரான்ஸ்போமரின்ர ஆயுள். புதுசில அந்தக் கடதாசியின்ர மூலக்கூறுச் சங்கிலி ஒண்டில ஆயிரம் கண்ணியளவில இருக்கும், 200க்கு இறங்கினா பிஸ்கற் மாதிரிப் பொடியும். 98 பாகைக்கு மேல சூடு ஒவ்வொரு 6 பாகை ஏறேக்கயும் தேய்மானம் இரட்டிக்கும், ஆகவே 10 வருசம் சுமையோட வெந்த ரான்ஸ்போமர் 30 வருசம் சும்மா நிண்டதைவிடக் கிழடாயிருக்கலாம். இதை அறிய எங்களுக்கு ரத்தம் எடுக்கிற மாதிரி ஒயிலில கொஞ்சம் எடுத்து அதில கரைஞ்சிருக்கிற வாயுவைப் பாப்பினம். ஐதரசன் எண்டால் சின்னப் பொறியளாயிருக்கலாம், எதிலீன் ஏறினா எங்கயோ சூடாகுது, அசெற்றலீன் கண்டால் உள்ளுக்க பெரிய பொறி பாயுது எண்டு அர்த்தம், உடன கவனிக்கோணும். ஊருக்குள்ள நிக்கிற சின்ன ரான்ஸ்போமர் எல்லாத்துக்கும் இது கட்டுபடியாகாது, பெரிசுகளுக்குத்தான். சின்னதுகளுக்குச் சூட்டுக் கமரா, லூசான மூட்டு இருட்டில வெள்ளையாத் தெரியும், அதையும் பின்னேரம் ஏழு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலயும் லைற் எரியேக்க பாத்தாத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கு. 90களில கறண்டே இல்லாம ஜாம் போத்தில் விளக்கில படிச்ச ஊர், 2009க்குப் பிறகுதான் கன இடத்தில லைன் புதுசா இழுத்தது. ஒரே காலத்தில வந்ததுகள் ஒரே காலத்தில கிழடாகும், அந்த நேரம் எல்லாத்தையும் ஒண்டா மாத்தக் காசும் இராது ஆளும் இராது. அதால சிலதை வேளைக்கே மாத்தி, சிலதைக் கவனமாப் பாத்து இழுத்து, மாத்துற வேலை ஒரே அலையா வந்து அடிக்காமப் பரப்பிவிடோணும்.

கடைசியில வரிசை இப்பிடித்தான் வருகுது: பழுதாகிற சாத்தியத்தை, பழுதானா வாற நட்டத்தால பெருக்கிறது. பெரியாஸ்பத்திரி லைனும் மீன் ஐஸ் போடுற தொழிற்சாலை லைனும் மேல போகும், பீங்கான் கொஞ்சம் நல்லா இருந்தாலும். ஏழு வீடும் ஒரு வைரவர் கோயிலும் உள்ள ஒழுங்கை கீழ போகும்.

போன மாசம் ஞாயிற்றுக்கிழமை காலமை எட்டிலிருந்து பின்னேரம் அஞ்சு வரை பராமரிப்பு வேலைக்காக மின்தடை எண்டு அறிவித்தல் வர, நல்லா இருக்கிற கறண்டை என்னத்துக்கு வெட்டுறாங்கள், தோசைக்கு அரைக்கவும் விடாங்களாம் எண்டு அம்மா கத்தினா. இவ்வளவையும் இருத்திவைச்சு விளங்கப்படுத்தினன். எல்லாம் கேட்டுப்போட்டு, "அப்ப எங்கட ஒழுங்கைப் பீங்கானை எப்ப கழுவுவினம்?" எண்டா.