ஒரே தட்டில் ஆள் விழுவானா?

வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். "மாஸ்டர், ஒரே தட்டுல ஆளை மயக்கம் போட வைக்கிற பாயின்ட் எது? அதை மட்டும் சொல்லிக் கொடுங்க, போதும்." கேட்பவர்களில் கல்லூரிப் பெண்கள் உண்டு, இரவு ஷிப்ட் முடித்துத் தனியாக வீடு திரும்புகிறவர்கள் உண்டு, மகளைச் சேர்க்க வந்து ஒரே மாதத்தில் முடித்துத் தர முடியுமா என்று வாசலிலேயே பேரம் பேசும் அப்பாக்களும் உண்டு. எல்லோரும் போனில் ஏதோ ஒரு வீடியோ பார்த்திருப்பார்கள். கறுப்பு உடைக்காரர் ஒருவர், ஆடாமல் அசையாமல் நிற்கும் தன் சீடனின் கழுத்தில் இரண்டு விரலை வைப்பார், சீடன் வாழை மரம் சாய்வதுபோல் சாய்வான்.

நான் நடத்தும் தற்காப்பு வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். பத்து வயதில் அடிமுறை என்ற எங்கள் பக்கத்துச் சண்டைக் கலையைக் கற்கப் போனேன், ஒற்றைச் சுவடு, கூட்டச் சுவடு, கம்பு, பூட்டு என்று வருஷக்கணக்கில் போயிற்று. தட்டினாலோ அழுத்தினாலோ உடம்பைப் பாதிக்கும் வர்மப் புள்ளிகளை ஆசான் கடைசியில்தான் எடுத்தார், அதுவும் எண்ணெய்த் தடவலிலும் வைத்தியத்திலும் தொடங்கித்தான். பத்தொன்பது வயதில் கோயம்புத்தூரில் படிக்கும்போது முப்பது புள்ளிகளாவது எனக்குப் பெயரோடு தெரியும். ஒருநாள் சாயங்காலம் கூட்டமான டவுன் பஸ்ஸில் பின்னாலிருந்து ஒருவன் இடுப்பைப் பிடித்தான். அந்த முப்பதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கை விரல்கள் சில்லிட்டுப்போய், காது அடைத்த மாதிரி ஆகி, ஒரு மூன்று நான்கு நொடி நான் ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் உண்மை. அப்புறம் முழங்கை தானாகப் பின்னால் போனது, எங்கே பட்டது என்று இன்றுவரை தெரியாது, "டேய்" என்று ஒரு சத்தம் வந்தது, அது என் குரல்தான் என்பதே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் நின்றது, அவன் இறங்கி ஓடிவிட்டான்.

லீவுக்கு ஊருக்குப் போனபோது ஆசானிடம் அழாத குறையாகச் சொன்னேன், இத்தனை வருஷம் படித்தும் ஒரு வர்மம்கூட கைகொடுக்கவில்லையே என்று. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னது: "வர்மம் எங்கயும் போவாது மக்களே. ஆளுதான் ஒரு எடத்துல நிக்க மாட்டான்."

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் பாடம் நடத்த வேண்டியிருந்தது.

வர்மத்தைப் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதைச் சுற்றியும் ஓலைச்சுவடிகளிலும் ஆசான்களின் கைகளிலும் இருந்துவரும் மரபு அது. வர்மங்கள் நூற்றெட்டு என்பதும், அவற்றில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிடக் கடுமை குறைந்த தொடுவர்மம் 96 என்பதும் நிறையப் பேருக்குத் தெரிந்த கணக்கு. இடத்தை விரலளவு வைத்துக் குறிப்பார்கள், அழுத்தத்தை மாத்திரை என்பார்கள். கால் மாத்திரை, அரை மாத்திரை என்று போகும், ஒரே புள்ளி மாத்திரைக்கு ஏற்ப மருந்தும் ஆகும், காயமும் ஆகும். அடிபட்டவரை எழுப்ப அடங்கல் என்று தனிப் புள்ளிகள், இளக்குமுறைகள் உண்டு. இன்று சித்த மருத்துவப் படிப்பிலும் வர்மம் பாடமாக இருக்கிறது. ஆனால் இதில் எதைப் பார்த்தாலும், எதிரில் இருப்பவர் பாயில் படுத்திருக்கிறார் அல்லது மணையில் உட்கார்ந்திருக்கிறார், வைத்தியருக்கு நேரம் இருக்கிறது, விரலை அளந்து வைக்க வெளிச்சமும் இருக்கிறது. விரலளவு பார்த்து வைக்க வேண்டிய ஒன்றை, குடித்துவிட்டு வந்து தலைமுடியைப் பிடித்து இழுக்கிற ஒருத்தன் மேல், ஜாக்கெட்டும் ஸ்வெட்டரும் போட்ட உடம்பின் மேல், இருட்டில் வைக்க முடியும் என்று நம்புவதுதான் பிரச்சினை.

பயம் வந்ததும் அட்ரினலின் ஏறுகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, ரத்தம் பெரிய தசைகளுக்குப் போகிறது. ஊசியில் நூல் கோக்கிற மாதிரியான விரல் வேலை அப்போது முதலில் போய்விடும். பார்வை குறுகும், பக்கத்தில் நிற்பவர் கண்ணில் பட மாட்டார். உதைப்பது, தள்ளுவது, முழங்கையால் இடிப்பது, கத்துவது, ஓடுவது ஆகியவை மட்டும் தங்கும். இன்னொன்றும் உண்டு. 1952இல் ஹிக் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டியது, தேர்ந்தெடுக்க வேண்டியவை கூடக்கூட மனிதன் பதில் செய்ய எடுக்கும் நேரமும் கூடுகிறது. முப்பது புள்ளி தெரிந்தவளுக்கு மூன்று தெரிந்தவளைவிடத் தாமதமாகும், பஸ்ஸில் எனக்கு ஆனதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது வலி. முழங்காலுக்கு மேலே தொடையின் வெளிப்பக்கம், முன்னங்கையின் மேல்பக்கம், காது மடலுக்குக் கீழே தாடை முடியும் குழி, இங்கெல்லாம் நரம்பு மேலாக ஓடுவதால் சரியாகப் பட்டால் சுரீர் என்று ஏறும், கால் மரத்தும் போகும். நானே வகுப்பில் காட்டுவேன். இருபது பேருக்குக் காட்டினால் நாலைந்து பேர் "ஒண்ணும் தெரியல மாஸ்டர்" என்று சிரிக்கிறார்கள். குடித்தவனுக்கும் வெறியேறியவனுக்கும் இன்னும் குறைவாகத் தெரியும். அதனால் புள்ளி என்பது ஒரு உபரி. ஒருவன் கட்டிப் பிடித்து அசைய முடியாமல் இருக்கும்போது தாடைக் குழியில் கட்டை விரலை அழுத்தினால் பிடி கொஞ்சம் தளரலாம், தளர்ந்த அந்த நொடியில் வெளியே வரத் தெரிந்திருக்க வேண்டும். வெளியே வருவதைப் பயிற்சி செய்யாதவருக்குப் புள்ளி தெரிந்தும் பயன் இல்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஜப்பானில் தொடாமலேயே சீடர்களை விழ வைத்துக் காட்டிக்கொண்டிருந்த யானகி ரியுகென் என்பவர், 2006இல் ஒரு கலப்புச் சண்டை (எம்.எம்.ஏ.) வீரரோடு மேடையேறினார். முகத்தில் குத்து வாங்கி, சீக்கிரமே ஆட்டம் முடிந்தது. எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை, அவர் ஏமாற்றினார் என்றும் தோன்றவில்லை. வருஷக்கணக்கில் விழுந்து காட்டும் சீடர்கள் நடுவிலேயே இருந்தால் யாருக்கும் தன் கை மேல் அந்த நம்பிக்கை வந்துவிடும்.

ஜிகோரோ கானோ 1882இல் ஜூடோவைத் தொடங்கியபோது செய்த காரியத்தை இங்கே நினைக்க வேண்டும். பழைய ஜூஜுட்சுவில் இருந்த ஆபத்தான அடிகளை நேரடி மோதல் பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டார். மிச்சமிருந்த எறிதலையும் பிடியையும் எதிராளி முழு பலத்தோடு எதிர்க்க எதிர்க்க, தினமும் பயில முடிந்தது. கொடிய அடியைக் காற்றில் ஆயிரம் தடவை செய்தவரைவிட, சாதாரண எறிதலை முரண்டு பிடிக்கிற ஆள் மேல் ஆயிரம் தடவை செய்தவர் தேர்ந்தவர் ஆனார். ஷாங்காய் போலீஸில் வேலை பார்த்து, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குக் கைச்சண்டை கற்றுத்தந்த ஃபேர்பேர்னும் இதே பக்கம்தான். உள்ளங்கை அடிப்பாகத்தால் தாடையில், கையின் விளிம்பால் ஒரு வெட்டு, முழங்கால், இப்படி எண்ணி நாலைந்து. அதையே திரும்பத் திரும்ப.

இப்போது பயமுறுத்த வேண்டிய இடத்துக்கு வருகிறேன். சில வருஷம் முன்பு என் மாணவர்கள் இரண்டு பேர், வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், வீடியோவில் பார்த்த கழுத்து அடியை ஒருவர் மேல் ஒருவர் முயன்று பார்த்தார்கள். ஒரு பையன் சரிந்துவிட்டான். அரை நிமிடத்தில் எழுந்துவிட்டான், சிரித்தான், சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் மட்டும் அன்று இரவு தூங்கவில்லை.

கழுத்தின் பக்கவாட்டில், குரல்வளை மேட்டின் மட்டத்தில், மூளைக்குப் போகும் பெரிய தமனி பிரிகிற இடத்தில் ரத்த அழுத்தத்தை அளந்து சொல்லும் உணரி இருக்கிறது, கரோட்டிட் சைனஸ் என்பார்கள். அங்கே அடிபட்டால் உடம்பு அழுத்தம் ஏறிவிட்டதாக ஏமாந்து இதயத்தை மெதுவாக்கும், ஆள் மயங்கலாம். வீடியோக்காரர்களின் மந்திரம் பெரும்பாலும் இதுதான். ஆனால் அதே அடியில் தமனியின் உள் சுவர் கிழியலாம், கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பக்கவாதம் வரலாம். இருபது வயதுப் பையனுக்கும் வரும். கழுத்தில் அடிபட்ட ஒருவருக்கு அதன்பின் புதிதாகக் கழுத்து வலி, ஒரு பக்கத் தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு கண் இமை தொங்குவது என்று எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நெஞ்சும் அப்படித்தான். இதயத்துக்கு நேர் மேலே, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் விழும் அடி, பெரிய பலம் இல்லாவிட்டாலும், இதயத் தாளத்தைக் கலைத்து நிறுத்திவிடலாம். பந்து பட்டு இப்படி இறந்த பள்ளி வயது விளையாட்டுப் பிள்ளைகள் உண்டு. அதனால் என் இடத்தில் மார்புக் காப்பு இருந்தாலும் "சும்மா ஒரு தட்டு" கிடையாது.

சரி, விழுந்துவிட்டால்? முகத்தில் சோடா அடிப்பது, உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றுவது, யாரோ சொன்ன அடங்கலைத் தேடுவது எதுவும் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு இருந்து நினைவு திரும்பாவிட்டால் பக்கவாட்டில் திருப்புங்கள், கழுத்தில் அடி என்றால் தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். நூற்றெட்டு வர்மம் படிக்க வந்தவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது இந்த நூற்றெட்டைத்தான்.

கத்தி பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் டூலர் 1983இல் எழுதிய ஒரு கணக்கு இருக்கிறது. கத்தியோடு வருபவன் 21 அடி தூரத்தை ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறான். ஒன்றரை நொடியில் நீங்கள் பையிலிருந்து போனைக்கூட எடுத்திருக்க மாட்டீர்கள். மணிக்கட்டு வர்மத்தைத் தட்டிக் கத்தியை விழ வைக்கும் வித்தையை எந்த மாஸ்டராவது காட்டினால், ஒரு மார்க்கர் பேனாவை அவர் மாணவனிடம் கொடுத்து, இஷ்டத்துக்குக் குத்தச் சொல்லுங்கள். முடிந்ததும் வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும். பர்ஸ் கேட்டால் பர்ஸைக் கொடுங்கள், செயினைக் கேட்டால் செயினை.

சட்டம் உங்களைக் கைவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயம் இருந்தால், பாலியல் வன்முறை, கடத்தல், அமில வீச்சு போன்றவை என்றால் உரிமை மிக விரிவானது. ஆனால் தேவைக்கு மேல் அடிக்க அனுமதி இல்லை. ஓட ஆரம்பித்தவனைத் துரத்திப் போய் அடிப்பது தற்காப்பில் வராது, என் மாணவர்களில் கோபக்காரர்களுக்கு இதைத்தான் அதிகம் சொல்கிறேன்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வேறு. புள்ளி கேட்டு வருகிற எல்லோர் மனதிலும் ஒரே காட்சிதான் இருக்கிறது. இருட்டுத் தெரு, முகம் தெரியாதவன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள், பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர். பக்கத்து வீடு, உறவு, வேலை இடம், காதலிப்பதாகச் சொன்னவன். மாமா முறை உள்ள ஒருவர் தோளில் வைத்த கையை எடுக்காமல் இருக்கும்போது எந்தப் பெண்ணும் அவர் தொடை நரம்பில் உதைக்கப் போவதில்லை. அங்கே வேண்டியது "கையை எடுங்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல ஒரு குரல். அது வரவே வராது. எங்கள் வகுப்பில் குத்துப் பையை உடைக்கிற மாதிரி அடிக்கும் பெண்கள், இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லச் சொன்னால் சிரித்துவிட்டுக் கீழே பார்க்கிறார்கள். நாம் அப்படி வளர்த்திருக்கிறோம், வேறென்ன.

அதனால் முதல் மாதம் முழுக்க இதுதான் நடக்கிறது. தூரம் விட்டு நிற்பது, கையை முன்னால் உயர்த்திக் குரல் கொடுப்பது, பிடியிலிருந்து கழன்று கதவை நோக்கிப் போவது, அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 இரண்டையும் போனில் முதலில் வைப்பது. பிள்ளைகள் என்றால் 1098. பிறகு உள்ளங்கை, முழங்கை, முழங்கால், கெண்டைக்காலில் ஒரு உதை, காப்பு உடை போட்ட ஒருவர் உண்மையாகவே பிடித்து இழுக்க. புள்ளிகளை ஆறு மாதம் தாண்டியவர்களுக்குச் சொல்கிறேன், அப்போது அவர்களில் பலர் கேட்பதையே விட்டிருக்கிறார்கள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், வங்கியில் வேலை, மூன்று வாரமாகக் குரலே வரவில்லை, ஒவ்வொரு தடவையும் "விடுங்க ப்ளீஸ்" என்றுதான் வந்தது. ப்ளீஸை எடு, ப்ளீஸை எடு என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு சனிக்கிழமை காப்பு உடைக்காரர் மணிக்கட்டைப் பிடித்ததும் "விடுடா" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கீழே டீக்கடை அண்ணன் கையில் கரண்டியோடு மாடிக்கு ஓடிவந்துவிட்டார். என்ன ஆச்சு என்று அவர் மூச்சு வாங்கக் கேட்க, அந்தப் பெண் அதிர்ந்துபோய் "ஸாரிண்ணா" என்றார்.

இனி ஸாரியை எடுக்கும் வேலை இருக்கிறது.