திடமாக நின்ற மண் திரவமாக ஓடியது எப்படி?

"நிலநடுக்கம் இல்லை. கழிவு கொட்டுவதை நிறுத்தியே இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு எப்படி அந்த அணை உடைந்தது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவர் கேட்பது பிரேசிலின் புருமாடின்யோவைப் பற்றி. 2019 ஜனவரி 25, பகல் 12.28 மணி. வாலே நிறுவனத்தின் இரும்புச் சுரங்கத்தில் 86 மீட்டர் உயரத்துக்கு நின்றிருந்த கழிவுச்சேற்று அணை பத்து விநாடிகளுக்குள் சரிந்தது. அடுத்த சில நிமிடங்களில் ஏறத்தாழ 97 லட்சம் கன மீட்டர் சேறு வெளியே பாய்ந்துவிட்டது. கீழே சுரங்க அலுவலகமும் உணவகமும் இருந்தன. 270 பேர் இறந்தார்கள்.

தாதுவை அரைத்து இரும்பைப் பிரித்தபின் எஞ்சுவது நுண்மணலும் வண்டலும் தண்ணீரும் கலந்த கூழ். அதைத் தேக்க முதலில் ஒரு சிறு கரை கட்டுவார்கள். அது நிரம்பியதும் அடுத்த கரையை, உள்ளே படிந்திருக்கும் கழிவின் மேலேயே எழுப்புவார்கள். செலவு குறைவு என்பதுதான் காரணம். புருமாடின்யோ அணை 1976 முதல் 2013 வரை இப்படித்தான் படிப்படியாக உயர்ந்தது. தேங்கிய கழிவே அணையின் உடலாகவும் ஆகிவிட்டது.

ஆகவே உள்ளே இருக்கும் தண்ணீர் வடிய வேண்டும். நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று அறிய பிசோமீட்டர்களை இறக்குவார்கள். அடிவாரத்தில் கசியும் நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி வருகிறதா என்று பார்ப்பார்கள். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். இவையெல்லாம் அவசியமானவையே. ஆனால் புருமாடின்யோவில் பிசோமீட்டர்கள் காட்டிய நீர்மட்டம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ராடாரும் செயற்கைக்கோளும்கூடப் பேரழிவின் முன்னறிகுறி என்று சொல்லத்தக்க அசைவு எதையும் பதிவுசெய்யவில்லை. ஆபத்து மணல்மணிகள் அடுக்கப்பட்டிருந்த விதத்தில் இருந்தது.

கடற்கரையில் அலை வந்து போன ஈரமணலில் காலை ஊன்றிப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்து உலர்ந்தாற்போல் ஆகும். 1885இல் பிரிட்டிஷ் பொறியியல் அறிஞர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கு விளக்கம் தந்தார். அலைகள் அந்த மணலை நெருக்கமாகப் படியவைத்திருக்கின்றன. நெருக்கமாக இருக்கும் மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் ஆக வேண்டும். அதனால் இடைவெளி பெருகுகிறது, மேலே இருந்த நீர் அதற்குள் இழுக்கப்படுகிறது. அந்த உறிஞ்சல் மணிகளை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. அசைக்க அசைக்க உறுதிப்படும் மண் அது.

இப்போது இதைத் தலைகீழாக்குங்கள். கூழாக ஊற்றப்பட்டுத் தானாகப் படிந்த கழிவில் மணிகள் தளர்வாக அடுக்கியிருக்கும். லேசாக நகர்ந்தாலும் இடைவெளிக்குள் சரிந்து சுருங்கப் பார்க்கும். ஆனால் அங்கே ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. துளைகள் மிக நுண்ணியவை என்பதால் அதற்கு நொடிப்பொழுதில் வெளியேற வழியில்லை. மணிகள் தாங்கிக்கொண்டிருந்த சுமை தண்ணீரின்மேல் இறங்குகிறது, நீரழுத்தம் எகிறுகிறது. மண்ணின் வலிமை மணிகளுக்கு இடையிலான உராய்விலிருந்து வருவது. மணிகள் ஒன்றையொன்று அழுத்தாவிட்டால் உராய்வு ஏது? ஓரிடம் வலுவிழந்தால் அதன் சுமை பக்கத்து மண்ணுக்குப் போகும், அதுவும் நகரும், சுருங்கும், வலுவிழக்கும். இதற்கு நிலநடுக்கம் தேவையே இல்லை.

இந்தக் குணத்தை முன்கூட்டியே அறிய முடியும் என்பதுதான் எனக்குப் பெருவியப்பு. கூம்பு முனை கொண்ட ஒரு கம்பியை விநாடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் மண்ணுக்குள் செலுத்துகிறார்கள். முனை சந்திக்கும் எதிர்ப்பையும், முனைக்குச் சற்று மேலே நீரழுத்தத்தையும் உணரிகள் அளக்கின்றன. தளர்ந்த வண்டலில் எதிர்ப்பு குறைவாக இருக்கும், நீரழுத்தம் ஏறும். நெருக்கமான வண்டலில் நீரழுத்தம் இறங்கக்கூடும். கடற்கரையில் நம் பாதம் கேட்ட அதே கேள்வியை இந்தக் கூம்பு பல மீட்டர் ஆழத்தில் கேட்கிறது.

புருமாடின்யோவை ஆராய்ந்த நிபுணர் குழுவின் தலைவர் பீட்டர் ராபர்ட்சன், இந்தக் கூம்புச் சோதனையில் உலகம் அறிந்த வல்லுநர். சுமையின் கீழ் மண் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்ததும், நீர்மட்டத்துக்கு மேலிருந்த மண்ணின் ஈரப்பிடிப்பைத் தொடர்மழை குலைத்ததும் சேர்ந்து அணையைச் சரித்தன என்று 2019 டிசம்பரில் அக்குழு அறிவித்தது. அன்று அணையில் நடந்துகொண்டிருந்த துளையிடும் பணியே தூண்டியிருக்கக்கூடும் என்று கட்டலோனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. எது தூண்டியிருந்தாலும், மண் சுருங்கும் நிலையில் இருந்தது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

நீர் வடியாமல் சிக்கிய நிலையில் மண்ணுக்கு எஞ்சும் வலிமையை, சரிக்கப் பார்க்கும் விசையால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி கிடைக்கும். 1 என்றால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். அந்த அணைக்குக் கிடைத்த விடை 1.09. அதற்குப் பிறகும் 2018 செப்டம்பரில் 'நிலையானது' என்று சான்றிதழ் வழங்கப்பட்டது. சான்று வழங்கிய நிறுவனத்தை அமர்த்தியது சுரங்க நிறுவனமே. கூலி கொடுப்பவரே தேர்வு எழுதுபவராக இருக்கும் ஏற்பாட்டை எந்த நாடும் அனுமதிக்கக் கூடாது. அணைச் சோதனைக்கான பணம் பொது நிதி வழியாகத்தான் சோதிப்பவரைச் சேர வேண்டும். இத்தகைய சரிவுகளை விதி, இயற்கையின் சீற்றம் என்று எழுதுவதையும் நாம் நிறுத்த வேண்டும்.

கழிவின் மேலேயே கரை எழுப்பும் இந்த வகை அணைகளைப் பிரேசில் 2019இலேயே தடை செய்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே நிற்பவற்றைக் கலைப்பதும் மண்ணை அசைக்கும் வேலைதானே? அதனால்தான் அந்நாட்டின் நோவா லிமாவில் ஓர் அணையைக் கலைத்தபோது மண்வாரி இயந்திரங்களில் ஓட்டுநர் எவரும் அமரவில்லை, தொலைவிலிருந்தே அவற்றை இயக்கினார்கள்.