அட்டைக்குப் பதில் பெட்டி: ஒரு யோசனைக்கு ஆதரவு சேரும் விதம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை இருந்தது. 1940-களில் அங்கே இஸ்திரி போடும் 18 தொழிலாளர்களின் வேலையில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. தேய்த்த உடுப்புகளை அதுவரை ஓர் அட்டையின்மேல் அரை டஜனாக அடுக்கினார்கள். இனிமேல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். நிர்வாகம் கூட்டம் போட்டு, சந்தையில் போட்டி கடுமையாகிவிட்டது என்று காரணம் சொன்னது, புதிய கூலிக் கணக்கை விளக்கியது, கேள்விகளுக்குப் பதிலும் தந்தது. இன்றும் பல அலுவலகங்களில் இதைத்தான் முறையான வழி என்பார்கள்.

உற்பத்தி சரிந்தது, சரிந்த இடத்திலேயே நின்றது. மேற்பார்வையாளரோடு மோதலும் புகார்களும் வந்தன. முதல் 40 நாட்களில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டே போனார்கள்.

அதே தொழிற்சாலையின் வேறு குழுக்களிடம் பணியாளர் மேலாளர் லெஸ்டர் கோச்சும் உளவியலாளர் ஜான் பிரெஞ்சும் வேறு வழியில் போனார்கள். முதலில் பிரச்சினையைக் கண்ணுக்குக் காட்டினார்கள். ஒரே மாதிரி இரண்டு உடுப்புகளை வைத்து, இதில் எது மலிவானது என்று கேட்டார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை. ஒன்று 1946-ல் விற்றது, மற்றது 1947-ல் அதில் பாதி விலைக்கு விற்றது. செலவைக் குறைத்தே ஆகவேண்டும் என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பிறகு வேலையை எப்படி மாற்றலாம் என்பதைத் தொழிலாளர்களோடு சேர்ந்தே வகுத்தார்கள். எல்லாரும் நேரடியாகப் பங்கெடுத்த குழுக்களில் யோசனைகள் வந்து விழுந்த வேகத்துக்குக் குறிப்பெடுப்பவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தக் குழுக்களின் உற்பத்தி விரைவில் மீண்டு, பழைய அளவைவிடச் சுமார் 14 சதவீதம் உயர்ந்தது. ஒருவரும் விலகவில்லை.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் முக்கியமாகப் படுவது இதற்குப் பின் நடந்ததுதான். இரண்டரை மாதம் கழித்து, முதல் குழுவில் மிஞ்சியிருந்த 13 பேரை மறுபடி ஒன்று சேர்த்து, இம்முறை அவர்களையும் கலந்துகொண்டே புதிய வேலைக்கு மாற்றினார்கள். அடம்பிடித்த அதே ஆட்கள் பழைய அளவைத் தாண்டி உழைத்தார்கள். ‘எங்கள் டீம் மாற்றத்தையே விரும்பாது’ என்று சலித்துக்கொள்ளும் எவரும் இந்த 13 பேரை நினைத்துப் பார்க்க வேண்டும். குழுக்கள் சிறியவை, தொழிற்சாலையும் ஒன்றே ஒன்று என்பது உண்மைதான். ஆனாலும் 1948-ல் வெளியான இந்த ஆய்வு காட்டிய திசையில்தான் பிற்கால உளவியலும் நடந்தது.

1966-ல் உளவியலாளர் ஜாக் பிரெம் இதன் உள்ளியக்கத்தை விளக்கினார். தேர்வு செய்யும் உரிமை பறிபோகிறது என்று தோன்றினால், அதை மீட்பதிலேயே மனம் குறியாகிவிடும். யோசனை நல்லதா கெட்டதா என்பது பின்னுக்குப் போய்விடும். 1979-ல் உளவியலாளர்கள் டேனியல் கானிமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள்: ஒன்றை இழக்கும் வலி, அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிடப் பெரிது. புதிய மென்பொருள் நேரத்தை மிச்சமாக்கும் என்று நீங்கள் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் பல வருடப் பழக்கத்தில் கைவந்த திறமையும் அதனால் கிடைத்த மரியாதையும் போய்விடுமோ என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கவலையை நீங்களே முதலில் எடுத்துப் பேசிவிடுவது நல்லது.

ஆகவே முடித்துக் கட்டிய திட்டத்தோடு கூட்டத்துக்குள் நுழையாதீர்கள். அப்படி நுழைந்தால் மற்றவர்களுக்குத் தலையாட்டுவது, குறை சொல்வது என்ற இரண்டு வேலைகள்தான் மிஞ்சும். பிரச்சினைக்கான சான்றையும் பாதி வடிவத்தையும் கொண்டுபோங்கள். அதுவும் கூட்டத்துக்கு முன்பே, தனித்தனியாகப் பேசும்போது.

தனியாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய சோதனையில், சுற்றியிருந்தவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தடவை மக்கள் கூட்டத்தோடு ஒத்துப்போனதை 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் கண்டார். ஆனால் ஒரே ஒருவர் சரியான விடை சொன்னாலும், அந்த ஒத்துப்போதல் முன்பிருந்ததில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. கூட்டத்தில் உங்கள் யோசனையைப் புரிந்துகொண்ட ஒருவர் முன்கூட்டியே இருந்தால், மனதுக்குள் ஆதரவாக இருப்பவர்களுக்கும் வாய் திறக்கத் தைரியம் வரும்.

காரணம் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உளவியலாளர் எலன் லேங்கர் 1978-ல் வெளியிட்ட ஜெராக்ஸ் இயந்திர ஆய்வை மேற்கோள் காட்டி, ‘ஏனென்றால்’ என்று எதைச் சொன்னாலும் போதும் என்பார்கள். பாதி உண்மை. வரிசையில் முந்தி 5 பக்கம் எடுக்கக் கேட்டபோது, வெறுமனே கேட்டவருக்கு 60 சதவீதம் பேர் இடம் விட்டார்கள், ‘ஏனென்றால் பிரதி எடுக்க வேண்டும்’ என்ற வெற்றுக் காரணத்துக்கு 93 சதவீதம். 20 பக்கம் என்றதும் வெற்றுக் காரணம் பலிக்கவில்லை: காரணமே சொல்லாதவருக்கும் வெற்றுக் காரணம் சொன்னவருக்கும் 24 சதவீதம், அவசரம் என்று உண்மையான காரணம் சொன்னவருக்கு 42. அலுவலகத்தில் நாம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் 20 பக்க வகைதான்.

இவற்றைத் தந்திரமாக மட்டும் கையாண்டால் பலன் இல்லை. பிரெஞ்சும் சகாக்களும் நார்வேயின் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதே முறையைச் சோதித்து 1960-ல் வெளியிட்ட ஆய்வில், உற்பத்தியில் வேறுபாடு தெரியவில்லை. அங்கே தொழிலாளர் கைக்கு வந்த முடிவுகள் குறுகியவை, உற்பத்தியோடு தொடர்பு குறைந்தவை. எனவே கலந்துபேசும் முன் எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: பட்ஜெட்டும் கெடுவும் மாறாது, எந்த வேலை முதலில், யார் பொறுப்பு, எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு என்று. அடுத்த வரைவில் அவர்கள் சொன்ன மாற்றம், சொன்னவர் பெயரோடு, கண்ணுக்குத் தெரிய வேண்டும்.